உடன் செல்வோர் அறம்

தனியொருவன் மலைவளம் காணப் புறப்படுவது அவன் விருப்பம். அவன் எண்ணியபோது எழலாம்; விரும்பிய இடத்தில் நிற்கலாம்; சலித்தால் திரும்பலாம். பலர் கூடிப் புறப்படும்போது நிலைமை வேறாகிறது. ஒருவர் நின்றால் நாற்பது பேர் நிற்க வேண்டும். ஒருவர் விரைந்தால் நாற்பது பேர் மூச்சிரைக்க வேண்டும். ஆகவே கூட்டுப் பயணம் என்பது சில நாள்களுக்கு மட்டுமே வாழும் ஒரு சிறு சமுதாயம் எனலாம். சமுதாயம் எனின் அதற்கு ஓர் அறம் வேண்டும். இன்பம் நாடிச் செல்லும் செலவுக்கும் அறம் வேண்டுமா, வேண்டுமெனின் அது யாது என்பது எண்ணிப் பார்க்கத் தக்க வினாவாகும்.

சிறிய செயல்களில்தான் மனிதரின் அறவுணர்வு வெளிப்படுகிறது. பெரிய செயல்களில் புகழ் உண்டு; சட்டம் உண்டு; உலகத்தின் கண் உண்டு. ஓர் உலாவுக்குப் பணம் திரட்டுவதிலும், பேருந்தில் இடம் ஒதுக்குவதிலும், மலையேற்றத்தில் முன்னும் பின்னும் நடப்பதிலும் அவை எவையும் இல்லை. அங்கே மனிதன் தன் இயல்போடு நிற்கிறான்.

நெகிரி செம்பிலான் மாநிலத்தில் சிரம்பான் நகரை அடுத்துள்ள ராசா வட்டாரத்தையும், லாபு, ரந்தாவ், சிலியாவ் எனப் பரந்து கிடந்த தோட்டப்புறங்களையும் நினைத்துப் பார்த்தால் இவ்வினாவின் கனம் விளங்கும். ரப்பர்த் தோட்டத்தில் தொலைவு என்பதே இல்லை. எத்திசை நோக்கினும் நிரை நிரையாக மரங்களே நிற்கும். விடியுமுன் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, இருளில் விளக்கேந்திப் பால்வெட்டத் தொடங்கும் தொழிலாளியின் பார்வை, கத்தி படும் பட்டையின் மீதே படிந்திருக்கும். தீபகற்பத்தின் முதுகெலும்பாகிய தித்திவங்சா மலைத்தொடர் அவர்தம் மாநிலத்தில்தான் தாழ்ந்து வந்து முடிகிறது. கோலாப்பிலா செல்லும் சாலையில், உலு பெண்டுல் அருகே, அங்சி மலை 800 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. ஆயினும் தலைநிமிர்ந்து மலையைப் பார்க்க ஓய்வு வேண்டும். அவ்வோய்வு ஆண்டில் சில நாள்களே கிடைத்தது.

அந்தச் சில நாள்களில் அவர்கள் கூடியே சென்றனர். கடல் காண வேண்டின் போர்ட்டிக்சன் அருகில் இருந்தது. சிரம்பானிலிருந்து அவ்வூருக்கு 1891லேயே இருப்புப்பாதை அமைந்துவிட்டது. தைப்பூசத்திற்குப் பத்துமலை, அங்கே 272 படிகள். குளிர் காண வேண்டின் கேமரன் மலை. 1885இல் நில அளவையாளர் வில்லியம் கேமரனால் அறியப்பட்ட அம்மேட்டு நிலத்திற்கு, 1930ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் தாப்பாவிலிருந்து சாலை வந்தது. வெப்பத்திலேயே பிறந்து வளர்ந்த குழந்தை தன் வாயிலிருந்து புகை வருவதைக் கண்டு வியப்பது அம்மலையில்தான். நள்ளிரவில் புளிச்சோறு கட்டி, கம்பளிக்கு மாற்றாக இரண்டு சட்டை அணிந்து, பேருந்தின் வருகைக்காக லயத்தின் முன் காத்திருந்த கூட்டத்திற்கு அது வெறும் பொழுதுபோக்கன்று. உழைப்புக்கு மட்டுமே தாம் பிறக்கவில்லை என்று தமக்குத் தாமே கூறிக்கொள்ளும் ஒரு நாள்.

அத்தகைய நாளுக்கு முதலில் எழுவது ஒரு பட்டியல். பள்ளிக்கூட ஏடு ஒன்றில் பெயர்களை எழுதி, எதிரே வெள்ளிக் கணக்கைக் குறிப்பர். அறத்தின் முதல் சோதனை அவ்வேட்டிலேயே தொடங்கிவிடுகிறது.

பேருந்து வாடகை 1,200 வெள்ளி, இருக்கைகள் 40 என்று வைத்துக்கொண்டால், தலைக்கு 30 வெள்ளி என்று வகுப்பது எளிது. எல்லார்க்கும் ஒரே தொகை. இதைவிட நேர்மை எது என்று தோன்றும். ஆனால் உழைக்கும் கைகள் இரண்டும் உண்ணும் வாய்கள் ஆறும் உள்ள குடும்பம் 180 வெள்ளி தர வேண்டும். மணமாகாத இளைஞன் 30 வெள்ளியோடு முடித்துக்கொள்வான். கூட்டிக் கழித்தால் சரியாக வரும் கணக்கு, குடும்பத்தின் முன் வைத்துப் பார்த்தால் சரியாக இல்லை. பல குழந்தைகளைப் பெற்ற வீட்டார் மெல்லப் பட்டியலிலிருந்து விலகுவர். ‘மலைக்குளிர் எங்களுக்கு ஒத்துக்கொள்ளாது’ என்பர். கணவனை இழந்தவள், ‘மாட்டை யார் பார்ப்பது?’ என்பாள். சொல்வது குளிரையும் மாட்டையும், சொல்லாதது வறுமையை. உண்மையான காரணத்தைக் கேட்காமலே அறிந்துகொள்வதும், அறிந்ததை வெளியே காட்டாதிருப்பதும் பட்டியல் எழுதுவோனின் கடமையாகும்.

இங்கே ஒரு தடை எழும். ‘இல்லாதவர்க்காக இருப்பவர் சேர்த்துக் கொடுத்தால் அது பிச்சையாகாதா? தன்மானம் உள்ளவர் அதை ஏற்பரோ?’ இத்தடை புறக்கணிக்கத் தக்கதன்று. பிறர் தயவில் பேருந்தேறியவள் வழி நெடுக அதை நினைத்துக்கொண்டிருப்பாள். மலையின் குளிரைவிட அந்நினைவு அவளைக் குத்தும்.

விடை திருக்குறளின் அமைப்பிலேயே உள்ளது. வள்ளுவர் ஒப்புரவறிதலை 22ஆம் அதிகாரமாகவும் ஈகையை 23ஆம் அதிகாரமாகவும் வைத்தார். இரண்டும் ஒன்றெனின் அதிகாரங்கள் இரண்டு வேண்டா. ஈகையில் கொடுப்போனும் கொள்வோனும் வெவ்வேறாக நிற்கின்றனர். கை ஒன்று மேலும் ஒன்று கீழும் இருக்கிறது. ஒப்புரவிலோ பொதுவில் ஒரு பொருள் சேர்கிறது. அதிலிருந்து அனைவரும் பயன் கொள்கின்றனர். யார் எவ்வளவு தந்தார் என்ற பேச்சு அங்கே எழுவதில்லை. ஆகவே செய்ய வேண்டியது இல்லாதவர்க்குக் கொடுப்பதன்று. கணக்கின் அடிப்படையையே மாற்றுவது. நாற்பது பேரில் உழைத்து ஊதியம் பெறுவோர் 24 பேர் எனின், அவர்கள் மட்டும் ஆளுக்கு 50 வெள்ளி தரட்டும். அதுவே 1,200 வெள்ளி. ஆறு பேர் கொண்ட குடும்பத்திற்கு 100 வெள்ளி. இளைஞனுக்கு 50 வெள்ளி. ஐந்து மாதம் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டினால் எவர்க்கும் சுமை தெரியாது. பணமாகத் தர இயலாதவர் சமையல் பொறுப்பை ஏற்கலாம். நாற்பது பேர்க்குச் சோறு கட்டுவது எவ்வகையிலும் ஐம்பது வெள்ளிக்குக் குறைந்த பணியன்று. அவர் பேருந்தில் ஏறும்போது கடன்பட்டவராக ஏறமாட்டார், பங்காளியாக ஏறுவார்.

‘எனக்கு இருபது வெள்ளி கூடுதலாகிறதே’ என்று அவ்விளைஞன் கேட்கலாம். கேட்பது நியாயமே. ஆனால் அவனும் ஒரு காலத்தில் அரைக்கால் சட்டையோடு, எவரோ உழைத்த பணத்தில், போர்ட்டிக்சன் கடலைப் பார்த்தவன். அன்று அவனுக்காகத் தந்தவர் கணக்கு எழுதி வைக்கவில்லை. வாங்கியவரிடமே திருப்பித் தர இயலாத கடன்கள் பல உண்டு. அவற்றை அடுத்து வருவோரிடமே தீர்க்க வேண்டும்.

இது நடைமுறைக்கு ஒவ்வாத கனவு என்று சொல்வதற்கில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் வீதிக்கு வந்த காலத்தில், 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பால்வெட்டித் தொழிலாளர் பத்துப் பத்து வெள்ளியாகச் செலுத்திய பங்குப் பணத்தால் தோட்டங்களே வாங்கப்பட்டன. தனித்தனியே கூலியாக நின்றவர்கள் சேர்ந்து நின்றபோது உடைமையாளர் ஆயினர். தோட்டத்தையே வாங்க வல்ல அவ்வுணர்வுக்கு ஒரு பேருந்தை நிரப்புவது அரிதாகுமா?

பட்டியல் நிறைந்தது, பேருந்து புறப்பட்டது. இனி இரண்டாம் சோதனை வருகிறது. இக்கூட்டத்தின் வேகத்தை யார் வகுப்பது?

கூட்டத்தில் ஒரு மயக்கம் உண்டு. செலவை நாற்பதால் வகுக்கலாம். வேலையையும் நாற்பதால் வகுக்கலாம். அச்சமும் அவ்வாறே நாற்பதாகப் பிரிந்து, ஒவ்வொருவர்க்கும் மிகச் சிறிதே எஞ்சுகிறது. ‘இத்தனை பேர் போகிறார்களே, எனக்கு மட்டும் என்ன வந்துவிடும்?’ என்று ஒவ்வொருவரும் எண்ணுகின்றனர். ஆனால் ஆபத்து வகுபடுவதில்லை. அது வரும்போது ஒவ்வொருவரையும் முழுமையாகவே வந்து பற்றுகிறது. தனியே எனின் துணியாத ஒன்றைக் கூட்டமாகத் துணிந்துவிடுவதற்குக் காரணம் இதுவே.

தமிழகத்தின் தேனி மாவட்டத்தில், போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலையில் 11.3.2018 அன்று நிகழ்ந்தது இதற்குத் துயரமான சான்று. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்தும் மலையேற்றத்திற்காக வந்த இளைஞர்கள், கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கும் வழியில் காட்டுத்தீயில் சிக்கினர். கோடையில் காய்ந்த மலைப்புல் நொடியில் பற்றும் தன்மையது. இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சென்றவர்களுள் பெண்கள் பலர். படித்துப் பணியில் இருந்தோர் பலர். மலையின் அழகை நாடிச் சென்றதைத் தவிர அவர்கள் செய்த பிழை ஒன்றுமில்லை. அதன் பின்னரே தமிழக அரசு அவ்வாண்டில் மலையேற்றத்தை நெறிப்படுத்தும் விதிகளை வகுத்தது. விதிகள் பல நேரங்களில் உயிர்களுக்குப் பின்னரே பிறக்கின்றன. மலேசியாவில் 21.8.2013 அன்று கெந்திங் மலையிலிருந்து இறங்கிய பேருந்து பள்ளத்தில் கவிழ்ந்து 37 பேர் மாண்டதையும் மறப்பதற்கில்லை. வாடகையில் நூறு வெள்ளி குறைகிறது என்பதற்காக எந்தப் பேருந்து, எத்தகைய ஓட்டுநர், அவர் உறங்கினாரா என்று கேளாமல் அமர்த்துவோர், தம் பணத்தை மட்டும் மிச்சப்படுத்துவதாக எண்ணுகின்றனர். அவர்கள் பேரம் பேசுவது பிறர் உயிர்களை வைத்தன்றோ?

பழந்தமிழர் இதனை நன்கு அறிந்திருந்தனர். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், கூத்தர் கூட்டம் ஒன்றை நன்னன் என்னும் மன்னனிடம் வழிப்படுத்தும் நூல். இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடிய அதன் 583 அடிகளில் மலையழகு நிறைந்திருக்கிறது. ஆயினும் அழகைச் சொல்வதோடு அது நிற்கவில்லை. பன்றிக்கு வைத்த பொறிகள் எங்கே, பாம்பு ஒடுங்கும் குழிகள் எங்கே, தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கற்கள் எத்திசையிலிருந்து வரும் என்றெல்லாம் முன்னே எச்சரிக்கிறது. கடினமான வழிகளில் ஒருவரை ஒருவர் காத்துச் செல்லவும், கோத்த கையை விடாது மெல்லச் செல்லவும் அறிவுறுத்துகிறது. வழிசொல்பவன் அவ்வழியே தான் சென்று மீண்டவன் என்பதும் கருதத் தக்கது. செல்லாத வழிக்குப் பிறரை அனுப்புவதை ஆற்றுப்படை இலக்கணமே ஏற்பதில்லை. தமிழில் கூட்டுப் பயண அறத்தைக் கூறும் நூல் எது என்று மாணவர் கேட்பின், ஆசிரியர் இதனைத் தயங்காமல் காட்டலாம்.

ஆகவே தலைமை ஏற்பவன் முன்னே நடப்பவன் அல்லன். கடைசியில் வருபவர் எங்கே என்று அறிந்திருப்பவன். கூட்டத்தின் வேகம் அதன் மெலிந்தவரின் வேகமே ஆதல் வேண்டும். மூட்டுவலியுடைய பாட்டி ஒருத்தி உடன் வந்தால், உச்சிக்குச் செல்லும் திட்டம் பாதி வழியில் ஒரு தேநீர்க் கடையோடு முடியலாம். ‘அவளால் நாற்பது பேரின் ஆசை கெடுவதா?’ என்று கேட்கலாம். விரைவோர் சிலர் மேலே சென்று வரட்டும். ஆனால் அவளோடு இருக்க ஒருவர் விரும்பி முன்வரட்டும். அப்படி ஒருவரும் முன்வராத கூட்டம், கூட்டம் அன்று. ஒரே பேருந்தில் ஏறிய நாற்பது தனியாள்கள்.

வள்ளுவர் அரசனுக்கு வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வகுத்தார். மலைக்குச் செல்வோர்க்கும் இம்முன்றே போதும். உடன் வருவோரின் வலிமை, செல்லும் பருவம், சேரும் இடம் ஆகியவற்றை அறிந்து, ஒன்று குறையினும் திரும்பிவிடத் துணிய வேண்டும். ஏறுவதற்கு வேண்டிய துணிவினும் திரும்புவதற்கு வேண்டிய துணிவு பெரிது. ஏறியவனை உலகம் பாராட்டும். திரும்பியவனைக் கேலி செய்யும். அவனால் நேராது போன துன்பம் எவர் கண்ணுக்கும் தெரியாது.

மூன்றாம் சோதனை எல்லாவற்றினும் நுட்பமானது. மலையை அடைந்த பின் அங்கே காண்பது எதை?

கேமரன் மலையின் தேயிலைச் சரிவுகளைக் கண்டு உள்ளம் மகிழாதார் இலர். பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் மேடும் பள்ளமும் ஒரே சீராகத் தோன்றும். ஆனால் தேயிலை இயல்பில் கம்பளம் அன்று. வெட்டாமல் விட்டால் அது மரமாக ஓங்கி வளரும். இடுப்பளவுக்கு மேல் எழாதவாறு ஆண்டாண்டாகக் கவாத்து செய்ததனாலேயே அச்சமன்மை தோன்றிற்று. காண்போர் கண்ணுக்கு அழகாகத் தெரியும் ஒவ்வொரு வரியும் எவரோ ஒருவர் குனிந்து நின்ற இடம். அம்மலையில் 1929இல் தேயிலைப் பயிர் தொழிலாகத் தொடங்கியது முதல் தமிழர் பலர் அங்கு உழைத்தனர். அவர்தம் பிள்ளைகளுக்கெனத் தமிழ்ப்பள்ளிகளும் எழுந்தன. இன்று வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தோரும் அங்கே உழைக்கின்றனர். அனைவர்க்கும் முன்னே அக்காடுகளைத் தம் வீடாகக் கொண்டோர் செமாய் முதலிய பூர்வகுடியினர்.

நீலகிரியிலும் இதே உண்மை வேறு வடிவில் உண்டு. அங்குள்ள மலைப் புல்வெளிகள் தோடர்களின் எருமைகளுக்கு மேய்ச்சல் நிலம். சோலைக்காடுகளோடு சேர்ந்து நீரைத் தேக்கி ஆறுகளுக்கு ஊட்டுபவை. அவற்றை வெற்றிடம் என்று கருதிய ஆட்சியாளர் சீகை மரத்தையும் தைல மரத்தையும் நட்டு நிரப்பினர். அங்கே வாழ்வோரைக் கேளாமல் ஓர் இடத்தைப் பார்ப்பவன், இருப்பதை இல்லாததாகக் கருதிவிடுகிறான்.

ராசா வட்டாரத் தோட்டப்புறத்திலிருந்து சென்ற தொழிலாளி, வேறொரு தோட்டத்தைச் சுற்றுலாக் காட்சியாகக் காண்பதில் ஒரு முரண் உண்டு. அவர் வாழ்ந்த ரப்பர்க் காட்டையும் சாலையில் சென்ற எவரோ ஒருவர் கார்க் கண்ணாடி வழியே கண்டு, ‘எவ்வளவு குளிர்ச்சியான நிழல்!’ என்று வியந்திருப்பார். நிழலின் உள்ளே கொசுக்கடியில் நின்றவர் அவர் கண்ணில் பட்டிருக்க மாட்டார். அப்படியாயின் தொழிலாளி மலையழகைக் கண்டு மகிழ்வதே தவறோ? அன்று. அவ்வாறு கூறுவது உழைப்பவனிடமிருந்து ஓய்வைப் பறித்தபின் மகிழ்ச்சியையும் பறிப்பதாகும். அவன் மகிழட்டும், ஆனால் பிறர்க்கு இல்லாத ஒரு பார்வை அவனுக்கு உண்டு. அச்சரிவில் கூடை சுமப்பவளின் முதுகு வலியை அவன் தன் முதுகாலேயே அறிவான். அவளைப் படத்திற்கு நிற்கச் சொல்வதற்கு முன், ‘அம்மா, எத்தனை மணிக்கு இறங்கினீர்கள்?’ என்று கேட்க அவனுக்குத் தெரியும். அழகைக் காணும் கண்ணும் உழைப்பைக் காணும் கண்ணும் ஒரே முகத்தில் அமைவது அவனுக்கு வாய்த்த பேறு.

சிலப்பதிகாரத்தில் சேரன் செங்குட்டுவன் மலைவளம் காணச் சென்றான். தேவியும் சுற்றமும் உடன்வரப் பேரியாற்றங்கரையில் தங்கினான். அவனுடையதும் ஓர் இன்பச் செலவே. குன்றக் குறவர் மலைபடு பொருள்களோடு வந்தனர். வேங்கை மரத்தின் கீழ் நின்ற ஒருத்தியைத் தாம் கண்ட செய்தியையும் சொல்லினர். காட்சி காண வந்த மன்னன் செவி கொடுத்துக் கேட்டான். கண்ணகிக்கு நேர்ந்த அநீதி சேரநாட்டில் அறியப்பட்டதும், அவளுக்குக் கல் எடுக்க அவன் வடதிசை சென்றதும் அச்செவியாலேயே விளைந்தன. குறவர் தந்த பொருள்களை மட்டும் பெற்றுக்கொண்டு அவர் சொல்லைக் கேளாது திரும்பியிருந்தால், வஞ்சிக் காண்டமே இல்லை. மலைக்குச் செல்வோர் கண்ணை மட்டும் கொண்டு செல்லலாகாது. செவியையும் கொண்டு செல்ல வேண்டும்.

சிரம்பானைச் சூழ்ந்திருந்த தோட்டங்கள் பல இன்று வீட்டுமனைகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. லயங்கள் இடிந்தன, அடுத்தடுத்த கதவுகளில் வாழ்ந்தோர் வெவ்வேறு ஊர்களுக்குப் பிரிந்தனர். ஒரு காலத்தில் பெரட்டு எடுத்தபோது ஒரே மூச்சில் அழைக்கப்பட்ட பெயர்கள், இன்று ஓர் உலாவுக்கான பட்டியலில் மட்டுமே ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப்படுகின்றன. அந்நாள் பட்டியல் உழைப்புக்காகப் பிறர் எழுதியது. இந்நாள் பட்டியல் உறவுக்காகத் தாமே எழுதுவது. அழிந்த ஊர் ஒன்று ஓர் ஏட்டில் சில நாள்களுக்கு மீண்டும் உயிர்பெறுகிறது. அவ்வேட்டில் ஒரு பெயர் விடுபட்டால் விடுபடுவது ஓர் இருக்கையன்று, ஒரு வீடு.

ஆகவே அதை எழுதுவோர் கையில் இருப்பது சிறிய பொறுப்பன்று. இல்லாதவர் நாணாதவாறு கணக்கு அமைத்தல், மெலிந்தவர் நடைக்கு ஏற்ப வழி வகுத்தல், மலையில் வாழ்வோர் சொல்லுக்குச் செவி கொடுத்தல் ஆகிய மூன்றும் உடன் செல்வோர் அறமாகும். மலை எவ்வளவு உயரம் என்பது நூல்களில் உள்ளது. அதை நோக்கிச் சென்ற கூட்டத்தின் உயரத்தைத் திரும்பி வந்த இரவில் காணலாம். பேருந்து நின்று, உறங்கும் குழந்தைகளைத் தோளில் சுமந்து எல்லாரும் இறங்கிய பின், பாட்டியின் மூட்டையை எடுத்துக்கொண்டு அவள் வீட்டு வாயில்வரை ஒருவர் நடக்கிறாரா என்று பார்த்தால் போதும்.